விசில்பட்டி வீழ்ந்த காலை

பாளையங்கோட்டையில் ஒரு செல்போன் கடையின் மாடியில் மடம் ஒன்று உண்டு. சாமி படம் கிடையாது, காவி கிடையாது, உண்டியல் கூடக் கிடையாது. சில மேசைகள், பழைய கம்ப்யூட்டர்கள், கடகடவென்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி. அங்கே போகிற யாருக்கும் அதனால் ஒரு பைசா வரும்படி இல்லை என்பதால் கீழே இருக்கும் கடைக்காரர்தான் அதற்கு மடம் என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

மடத்தின் குரு பியூலா; கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுப்பவர். வயது முப்பதைத் தொடவில்லை. சீடர்களில் மூத்தவர் ஆவுடையப்பன். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவை டீச்சர் என்பார். இதில் அவர்கள் இருவருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. வேடிக்கை பார்க்கிறவர்களுக்குத்தான் சங்கடம்.

ஆவுடையப்பன் படிக்க வந்தது ஒரு விளையாட்டுக்காக. கோட்டைநாடு என்று பெயர். இன்டர்நெட்டில் ஆடுவது. ஆளுக்கு ஓர் ஊர் கிடைக்கும். வயல் போட்டு, மதில் கட்டி, படை சேர்த்து, பக்கத்து ஊரோடு உறவோ பகையோ வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஆடலாம். ஆவுடையப்பனின் ஊர் வண்டிமேடு. அடுத்த ஊர் விசில்பட்டி. அது இஸ்ரவேலின் ஊர்.

இஸ்ரவேல் அவருடைய பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஒருவர் விசில் அடிக்க, மற்றவர் வண்டியை எடுக்க, இருவருக்கும் பாதி ஆயுள் அப்படியே ஓடியது. ஓய்வு பெற்ற பிறகாவது ஒருவரை ஒருவர் விட்டுத் தொலைத்தார்களா என்றால் இல்லை. விளையாட்டிலும் பக்கத்துப் பக்கத்து ஊரைத்தான் பிடித்தார்கள்.

இஸ்ரவேல் அவ்வப்போது மகன் வீட்டுக்குப் போய்விடுவார். அந்த நாட்களில் விசில்பட்டியைக் கவனிக்க ஆள் இருக்காது. கொள்ளைக்காரர்கள் புகுந்துவிடுவார்கள். அங்கே நெல் குறைந்தால் வண்டிமேட்டிலிருந்து தானாக நெல் போக வேண்டும், எதிரி வந்தால் தானாகப் படை போக வேண்டும். அதற்கு ஒரு புரோகிராம் எழுதத்தான் ஆவுடையப்பன் இந்த வயதில் மாடி ஏறினார். நண்பனின் ஊரைக் காப்பாற்றத்தான் வந்தார். இதை மறந்துவிடக் கூடாது.

கையால் ஆடுவதைப் புரோகிராம் எழுதியும் ஆடலாம் என்று விளையாட்டுக்காரர்களே அனுமதித்திருந்தார்கள். அதற்கென்று ஒரு வாசல் வைத்திருந்தார்கள். ஏபிஐ என்பார்கள். அந்த வாசலில் நின்று முறைப்படி பேசுவது லேசான காரியம் இல்லை. அதனால் பியூலா ஒரு லைப்ரரி, அதாவது யாரும் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளக்கூடிய துணைப் புரோகிராம் ஒன்று எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இன்டர்நெட்டில் போட்டிருந்தார். அதற்குத் தூதன் என்று பெயர். 'நெல் அனுப்பு' என்று நாம் ஒரு வரி எழுதினால் போதும். தூதன் வாசலுக்குப் போய்ச் சொல்லிவிட்டுப் பதிலோடு வரும்.

"தூதன் எதையும் கூட்டாது, கொறைக்காது அண்ணாச்சி" என்றார் குரு, முதல் பாடத்தில். "நீங்க சொன்னத அப்படியே கொண்டுபோவும்."

"நல்ல பிள்ளதான்" என்றார் ஆவுடையப்பன்.

பழகுவதற்கு ஓர் ஒத்திகை உலகம் இருந்தது. நிஜ உலகத்தில் உள்ள ஊர்கள் எல்லாம் அப்படியே அதிலும் இருக்கும். ஆனால் அங்கே எரித்த ஊர் மறுநாள் காலையில் பழையபடி நிற்கும். அங்கே செத்த படைவீரன் மறுநாள் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான். மனிதர்கள் யாரும் அங்கே இல்லை.

படை அனுப்பிப் பழக ஓர் ஊர் வேண்டுமே. பக்கத்தில் இருப்பது விசில்பட்டி. நட்பு ஊர் என்பதால் அதன் கதவு வண்டிமேட்டுக்கு எப்போதும் திறந்தே கிடக்கும். சுலபமாகப் பிடித்துவிடலாம். ஆவுடையப்பன் தினமும் ஒத்திகை உலகத்தில் விசில்பட்டியைப் பிடித்தார்.

கோட்டைநாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓலை இல்லாமல் படை போகாது. இன்ன காரணத்துக்காக உன் மேல் வருகிறேன் என்று எதிரிக்கு ஒரு வரியாவது எழுத வேண்டும். வெற்று ஓலையை வாசல் ஏற்காது.

முதல் நாள் ஆவுடையப்பன் எழுதினார்: 'உன் விசிலைக் கேட்டுக் கேட்டு என் காது செவிடாகிவிட்டது. விசிலைப் பறிமுதல் செய்ய வருகிறேன்.'

மற்ற சீடர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. அன்று முதல் அவருக்குப் படையை விட ஓலையில்தான் கவனம். தினமும் புதிதாக ஏதாவது வேண்டுமே. இஸ்ரவேலின் வழுக்கையைப் பற்றி எழுதினார். மீன் குழம்பில் துண்டுகளை இஸ்ரவேல் எடுத்துக்கொண்டு தலையை மட்டும் தனக்குத் தள்ளியதைப் பற்றி எழுதினார். வேடிக்கை தீர்ந்தது. அப்புறம் வேடிக்கை இல்லாதவை வந்தன. 'உன் மகன் கல்யாணத்தில் என்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தாய். பாயசம் தீர்ந்து போயிருந்தது. நான் மறக்கவில்லை.'

குரு ஒரு நாள் கேட்டார்.

"அண்ணாச்சி, இத யாருக்கு எழுதுதீங்க?"

"யாருக்கும் இல்ல டீச்சர். ஒத்திகைதானே."

"யாருக்கும் இல்லாததுக்கா இவ்வளவு யோசிக்கீங்க?"

"வாசல் கேக்குதே. வெத்து ஓலையை ஏத்துக்கிட மாட்டேங்குதுல்லா."

அவர் அதைச் சொன்ன விதத்தில் குருவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு நாள் காலையில் ஆவுடையப்பன் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தார். எதையும் பார்க்காமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தானே எழுதிவிடுவது என்று தீர்மானம். பஸ் ஓட்டப் பழகியபோது முதன்முதலாக வண்டியைத் தனியாக எடுத்த நாளின் மிடுக்கு அவர் முகத்தில் இருந்தது.

அதுவரை முதல் வரியை மட்டும் குரு எழுதிக் கொடுத்ததிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்வார். வாசலைத் திறக்க யாருடைய சாவி, போக வேண்டியது எந்த உலகம் என்று தூதனுக்குச் சொல்லும் வரி அது. இன்றைக்கு அதையும் தானே எழுதினார். சாவியை எழுதினார். உலகத்தை எழுதவில்லை.

தூதன் ஒன்றும் கேட்கவில்லை. சிவப்பு எழுத்து வரவில்லை. எச்சரிக்கை வரவில்லை.

ஓலைக்குத்தான் விஷயம் இல்லை. எல்லாம் எழுதித் தீர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து வேகமாக எழுதினார். எழுதியதைப் படித்தபோது அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. யாருக்கும் போகப் போவதில்லையே என்று பட்டனைத் தட்டிவிட்டார்.

'படை புறப்பட்டது' என்று பதில் வந்தது.

ஒத்திகை உலகத்தில் தட்டிய உடனே 'ஊர் வீழ்ந்தது' என்றுதான் வரும். இன்றைக்கு என்ன, நடந்தா போகிறார்கள் என்று நினைத்தார். சர்வர் மந்தமாக இருக்கும். டீ குடித்துவிட்டு வரலாம் என்று கீழே இறங்கினார்.

டீக்கடையில் மாஸ்டரிடம் பெருமை பேசினார். "ஒரு எழுத்து பாக்கல. அம்புட்டும் நானே எழுதினேன். ஒரு தப்பு வரல தெரியுமா?"

மாஸ்டர் தலையாட்டினார். ஆவுடையப்பனின் சட்டைப்பையில் செல்போன் டிங்கென்றது. எடுத்துப் பார்த்தார்.

'வெற்றி! விசில்பட்டி வீழ்ந்தது.'

ஒத்திகை உலகத்துச் சேதி செல்போனுக்கு வராது. இது அவருக்குத் தெரியும். தெரிந்தும் இன்னொரு முறை பார்த்தார். டீ கையில் கொட்டியது. சூடு உறைக்கவில்லை. காசு கொடுக்காமல் ஓடினார்.

மாடியில் குரு அப்போதுதான் வந்து பையை வைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்! எரிஞ்சிட்டு!"

"எது அண்ணாச்சி?"

"விசில்பட்டி. நெசமாவே எரிஞ்சிட்டு. நான் ஒத்திகைலதான் அடிச்சேன். சத்தியமா ஒத்திகைலதான்."

குரு திரையைப் பார்த்தார். முதல் வரியைப் பார்த்தார்.

"உலகம் எங்க அண்ணாச்சி?"

"என்ன உலகம்?"

"மொத வரில. எந்த உலகம்னு எழுதல்லியே. எழுதலேன்னா நெச உலகத்துக்குத்தான் போவும்."

ஆவுடையப்பன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். வண்டி ஓட்டிய காலத்தில் ஒரு கோழியைக் கூட அடித்ததில்லை என்று சொல்லிக்கொள்கிற மனிதர்.

"படை போய்க்கிட்டு இருக்கும்போது திரும்பக் கூப்பிட வழி இருந்துச்சா டீச்சர்?"

"இருந்துச்சு. ஊர் போய்ச் சேருற வரைக்கும்."

"நான் டீ குடிச்சிக்கிட்டு இருந்தேன்."

குரு பையைத் தள்ளி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஊரைத் திருப்பிக் குடுக்கலாமா?"

"குடுக்கலாம். ஜெயிச்சவங்க நெனச்சா குடுக்கலாம். ஒரு வரிதான்."

ஆவுடையப்பன் எழுதினார். விரல் வழுக்கியது. எழுத்தைத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடியும் அடித்தார். தூதன் போய்விட்டு வந்தது. விசில்பட்டி இஸ்ரவேலிடமே திரும்பிப் போனது. மதிலும் களஞ்சியமும்தான் கரியாகக் கிடந்தன. ஆவுடையப்பன் மூச்சு விட்டார். அப்புறம் அவருக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. முதலில் வந்த அதிர்ச்சி எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

"டீச்சர், ஓலை?"

"போயிருக்கும்."

"அதத் திரும்ப வாங்க வழி இருக்கா?"

குரு திரையில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். 'படிக்கப்பட்டது' என்று இருந்தது.

அப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. இஸ்ரவேல் மடத்துக்கு வந்தால் கீழ்ப்படியிலேயே வாயால் ஒரு விசில் அடிப்பார். மேலே ஆவுடையப்பன் 'போலாம் ரைட்' என்பார். இன்றைக்கு விசில் கேட்கவில்லை. காலடி மட்டும் ஏறி வந்தது.

இஸ்ரவேல் வாசலிலேயே நின்றார். கையில் செல்போன். செருப்பைக் கழற்றவில்லை.

"டீச்சரம்மா, இவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிருதேன்."

"இஸ்ரவேலு, கைத்தப்பு வே" என்று ஆவுடையப்பன் எழுந்தார். "ஒத்திகைன்னு நெனச்சு அடிச்சிட்டேன். ஊரைத் திருப்பிக் குடுத்துட்டேன், பாத்தியா? எரிஞ்சதுக்கெல்லாம் மரம், கல்லு, எல்லாம் நான் அனுப்புதேன்."

"ஊரு கெடக்கு. கட்டிக்கிடலாம்."

இஸ்ரவேல் செல்போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு படித்தார். டிக்கெட்டில் ஊர்ப் பெயர் படிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தார்.

"'வயிற்றில் ஆபரேஷன் செய்து நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் ராத்திரி ராத்திரியாக முழித்திருந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாய். அது உன் மேல் உள்ள பாசத்தில் இல்லை. என் பெண்டாட்டி போகச் சொன்னாள். போனேன்.'"

பியூலாவுக்கும் அந்த ஆஸ்பத்திரிக் கதை தெரியும். பெற்ற மகனுக்கு லீவு கிடைக்கவில்லை, இவன்தான் வந்து உட்கார்ந்திருந்தான் என்று இஸ்ரவேல் எல்லாரிடமும் சொல்வார். கீழே செல்போன் கடைக்காரரிடமும் சொல்லியிருக்கிறார். கேட்டவர்களிடமே மறுபடியும் சொல்வார்.

"இது நெசமா, அண்ணாச்சி?"

வே என்று கூப்பிடுகிற வாய் அண்ணாச்சி என்றது.

"சும்மா எழுதினது வே. விளையாட்டுக்கு."

"நெசமா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

இஸ்ரவேலிடம் ஆவுடையப்பன் பொய் சொன்னதே இல்லை. இப்போதும் வரவில்லை.

"மொத நா அவதான் போகச் சொன்னா. அது நெசந்தான். ஆனா..."

"சரி" என்றார் இஸ்ரவேல். "விசிலப் பத்தி எழுதியிருந்தா சிரிச்சிருப்பேன். கல்யாணத்துல ஒங்களக் கடைசிப் பந்தில ஒக்கார வச்சது எனக்கே உறுத்தல்தான், அத எழுதியிருந்தா மன்னிப்புக் கேட்டிருப்பேன். இதுக்கு என்ன செய்யன்னு எனக்குத் தெரியல."

அவர் திரும்பிப் படி இறங்கினார். ஆவுடையப்பன் சொல்ல வந்த மிச்சம் வாயிலேயே நின்றுவிட்டது.

ரொம்ப நேரம் கழித்து அவருக்குக் கோபம் வந்தது. போக வேறு இடம் இல்லாமல் அது குருவின் மேல் போனது.

"டீச்சர், ஒங்க தூதன் ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? எந்த உலகம்னு சொல்லலேன்னா ஒத்திகைன்னு எடுத்துக்கிட வேண்டியதுதானே? நெச உலகம்னு ஏன் எழுதி வச்சீங்க?"

"காலைல எந்திரிக்கும்போது எந்த உலகம்னு சொல்லிட்டா எந்திரிக்கீங்க, அண்ணாச்சி?"

"இது சாமியார் பேச்சு. எனக்கு இப்ப இது வேண்டாம்."

"சரி" என்றார் குரு. "நீங்க ஓலை எழுதும்போது நானும் ஒரு நா சிரிச்சேன். அதனால ஒங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியத இல்ல. செஞ்சு பாத்துருவோம்."

அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து முதல் வரியை எழுதினார். சாவியை எழுதினார். உலகத்தையும் எழுதினார்.

"இது ஒத்திகை உலகம். நானே எழுதியிருக்கேன். நீங்களும் பாத்துக்கோங்க."

ஆவுடையப்பன் பார்த்தார். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார்.

"இங்க அனுப்பினா யாருக்கும் போகாது. காலைல எழுதின அதே ஓலையை அனுப்புங்க."

"எதுக்கு?"

"தப்பு தூதன் மேலன்னா, இங்க தாராளமா அனுப்பலாம்லா?"

ஆவுடையப்பன் கீபோர்டை வாங்கிக்கொண்டார். ஓலையை எழுதத் தொடங்கினார். ஆஸ்பத்திரி என்ற சொல் வரை வந்தது. விரல் அங்கேயே நின்றது.

"யாருக்கும் போகாது அண்ணாச்சி."

"தெரியும்."

"இஸ்ரவேல் அண்ணாச்சி செல்போனுக்கு வராது."

"தெரியும்னுல்லா சொல்லுதேன்."

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"மொத நா அவ போகச் சொன்னா, போனேன் டீச்சர். அங்க போயிப் பாத்தா, மூக்குல ஒரு டியூபு, வயித்துல ஒரு டியூபு. ரொம்பப் பயந்துபோயிக் கெடந்தான். மறுநா அவ போகாதீங்கன்னு சொன்னா. கண்ணு முழிச்சு ஒங்களுக்கும் ஏதாவது ஆயிரும்னு அழுதா. கேக்காம போனேன். அதுக்கடுத்த நாளும் சண்ட போட்டுட்டுத்தான் போனேன்."

"அத ஓலைல எழுதல்லியே."

"அது சண்ட ஓலைல்லா டீச்சர். அதுல அத எப்படி எழுத?"

குரு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே, ரோட்டுக்கு எதிர்ப்புறம் பஸ் ஸ்டாப். வெயில். நிழலுக்கு ஒதுங்காமல் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

"இங்க வாங்க அண்ணாச்சி."

ஆவுடையப்பன் வந்து பார்த்தார். இஸ்ரவேல் செல்போனைப் பார்க்கவில்லை. பஸ் வருகிற திசையையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போயிட்டான்னுல்லா நெனச்சேன்."

"போகல."

"நான் போயி என்னன்னு ஆரம்பிக்க டீச்சர்? எடுத்த எடுப்புல ஒளறிருவேன். மறுபடியும் ஏதாவது தப்பாப் போயிட்டுன்னா அவ்வளவுதான், பெறகு ஆயுசுக்கும் பேச மாட்டான்."

குரு ஜன்னலை விட்டு நகரவில்லை.

ஆவுடையப்பன் முகத்தைத் துண்டால் துடைத்தார். சட்டைக் காலரைச் சரி செய்தார். குருவின் முன்னால் நேராக வந்து நின்றார்.

"ஒங்கள அவனா நெனச்சு ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிடுதேன். எங்கயாவது தப்பா வந்தா சொல்லுங்க, திருத்திக்கிடுதேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இஸ்ரவேலு, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

குரு அவரைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ் வந்துட்டு, அண்ணாச்சி."